மலையிலும் காட்டிலும்: கூடாரத்தில் ஐந்து இரவுகள்

"முகாமில கிடந்தது காணாதே பிள்ளை? இப்ப காசு குடுத்தும் போய்க் கிடக்க வேணுமே?"

நானும் கணவரும் கூடாரம் அடித்துத் தங்கி மலைநாட்டையும் காடுகளையும் பார்த்துவரப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி இது. அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். 2009 இல் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு முகாமில், ஒரே வெள்ளைக் கூடாரத்துக்குள் இரண்டு குடும்பமாக நாங்கள் இருந்தோம். அப்போது எனக்கு 19 வயது. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. மழை பெய்தால் நிலத்தால் தண்ணீர் வரும். நான் உடுப்பு மாற்றும்போது அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விபரிக்கத் தேவையில்லை.

கூடாரம், தரப்பாள், முகாம் ஆகிய சொற்களுக்கு எங்கள் வீடுகளில் ஒரே பொருள்தான் உண்டு. வெளிநாட்டுப் படமொன்றில் கணவனும் மனைவியும் மலையடிவாரத்தில் கூடாரம் அடித்து நெருப்புக் காய்வதைப் பார்த்துவிட்டு, "உவையளுக்கு வீடு வாசல் இல்லையோ?" என்று எங்கள் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் கேட்டதும் அதனால்தான்.

ஆசை வந்த விதம்

என் கணவர் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவந்து கிளிநொச்சிக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஒரு பழைய 'பட்டா' வாகனம்தான் எங்கள் சொத்து. 2022 இல் எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது அதன் பின்பக்கத்தில் தரப்பாள் கட்டி, பாய் விரித்துப் படுத்துப் பழகினார். ஒருநாள் இரவு சாப்பாடு கொண்டுபோன என்னிடம், "இதில படுத்துக்கொண்டே இலங்கை முழுக்கச் சுத்தலாமப்பா" என்றார். பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் அது இருவர் மனதிலும் கிடந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. என் மாமி, அதாவது கணவரின் தாயார், அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலின்போது மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. "மேகம் வாசப்படிக்கே வரும்" என்று அடிக்கடி சொல்வார். ஒருதடவையாவது திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடேயே காலமாகிவிட்டார். மகனும் அந்த மலையைப் பார்த்ததில்லை.

சீட்டுக்காசு கைக்கு வந்ததும் 2024 மார்ச் மாதத்தில் ஏழு நாள் குறித்தோம். கொழும்பில் வேலை செய்யும் தம்பி, இருவர் படுக்கக்கூடிய கூடாரம் ஒன்றை அனுப்பிவைத்தான். ஏழு வயது மகள் அம்மாவோடு நின்றாள். ஊர்வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளையை விட்டிட்டு ஊர் சுத்தப் போகினம்" என்ற கதை என் காதுக்கும் வந்தது.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் அந்தக் கதையைப் பற்றி நான் யோசித்தேன். எங்கள் பெண்கள் நடக்காத தூரமில்லை. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். வன்னிக்குள் பத்துத் தடவைக்கு மேல் இடம்பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயணங்கள் ஒன்றிலும் 'எங்கே போக விருப்பம்?' என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. போர் முடிந்த பின்னரும் ஒரு பெண் படலையைத் தாண்டுவதற்கு ஆஸ்பத்திரி, கச்சேரி, பாடசாலை, நேர்த்திக்கடன், செத்தவீடு என்று ஏதாவது காரணம் சொல்லவேண்டும். பார்க்க ஆசையாயிருக்கிறது என்பதைக் காரணமாக யாரும் ஏற்பதில்லை. ஆண் போனால் அது 'ரிப்'. பெண் போனால் அது 'ஊர் சுத்துறது'.

முதல் இரவு

விடியற்காலை 4 மணிக்கு வெளிக்கிட்டு வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று ஏ-9 வீதியாலேயே போனோம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குத் திரும்பியதும் வீதி வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சமதரையில் ஓடிப் பழகிய எங்கள் வாகனம் முக்கி முனகிக்கொண்டு ரிவஸ்டன் போய்ச் சேர்ந்தது.

அது நக்கிள்ஸ் மலைத்தொடர். பொத்திப் பிடித்த கையின் மொழிகளைப் போல மலைமுகடுகள் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர். 2010 இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பிரதேசமாக யுனெஸ்கோ இதனை அறிவித்தது. அங்கே தெல்கமு ஓயாவுக்குப் பக்கத்தில், கூடாரம் அடிப்பதற்கென்றே தங்கள் காணியை வாடகைக்கு விடும் ஒரு சிங்களக் குடும்பத்திடம் இடம் கேட்டிருந்தோம். மரக்கறி வியாபாரத்தால் கணவருக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்த வீட்டு அக்கா இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடுச்சாமத்தில் மழை தொடங்கியது. கூடாரத் துணியில் மழைத்துளி விழும் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு முட்டியது. கை கால் நடுங்கியது. நிலத்தால் தண்ணீர் வருகிறதா என்று பாயைத் தடவிப் பார்த்தேன். வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தும் நடுக்கம் நிற்கவில்லை. சிப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் துணியைப் பிறாண்டியிருக்கிறேன் என்று பிறகு கணவர் சொன்னார்.

எத்தனையோ கிராமங்களில் உளசமூகப் பயிற்சிப் பட்டறைகளில் இப்படியான பதற்றம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த மூச்சுப் பயிற்சி எனக்கு அன்று ஞாபகத்துக்கே வரவில்லை. ஓடிப்போய் வாகனத்தின் முன் இருக்கையில் ஏறி இருந்துகொண்டு அழுதேன்.

கணவர் குடையோடு வந்தார். அவரும் அதே வருடம் இன்னொரு முகாமில் இருந்தவர்தான். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "விடிஞ்சதும் வீட்ட போவமே?" என்று மட்டும் கேட்டார். 'விரும்பினால் விடிய வெளிக்கிட்டுப் போகலாம்' என்பதைக் கேட்டதும் ஏனோ எனக்கு மனம் ஆறியது. 2009 இல் அப்படிக் கேட்க யாருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. "மழை விடட்டும் பாப்பம்" என்றேன். மழை விட்டபின் கூடாரத்தின் வாசல் சிப்பைப் பாதி திறந்து வைத்து, வாசல் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தேன். நுளம்பு கடித்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

காலையில் பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு நடந்தோம். நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

உலக முடிவில்

கண்டி, நுவரெலியா வழியாக அன்று பின்னேரம் பட்டிப்பொல போய், ஒரு மரக்கறித் தோட்டக்காரரின் காணியில் இரண்டாவது இரவைக் கழித்தோம். எங்கள் வன்னி உடம்புக்கு அந்தக் குளிர் விளங்கவில்லை. இரண்டு சோடி காலுறை, தலைக்குத் துவாய், மேலே சாக்கு எல்லாம் போட்டும் பல்லுக் கிட்டியது.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடிய 6 மணிக்கே போய்விட்டோம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் இருக்கும் இந்தச் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. வாசலில் காக்கி உடுப்போடு நின்ற வனஜீவராசிகள் உத்தியோகத்தர் கையை நீட்டியதும், பழக்கதோஷத்தில் நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். கை நடுங்கியது. அவர் கேட்டது எங்கள் சாப்பாட்டுப் பையை. பொலித்தீன் உள்ளே போகக்கூடாதாம். பிஸ்கற் பைக்கற்றைப் பிரித்துக் கடதாசியில் சுற்றித் தந்து, தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் கிழித்து எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

உள்ளே சுற்றிவரும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். புல்வெளியில் ஒரு மரை எங்களைக் கவனிக்காமல் மேய்ந்துகொண்டு நின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இந்தப் பக்கத்து ஓடைகள்தான் நீர் கொடுக்கின்றன. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் மகாவலிக்கு இங்கிருந்தும் தண்ணீர் போகிறது என்பதை நினைக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

'உலக முடிவு' என்ற இடத்தில் நிலம் திடீரென்று முடிந்து 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம் தொடங்குகிறது. நாங்கள் போனபோது முழுக்க வெள்ளைப் புகார். ஒன்றும் தெரியவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தோம். திடீரென்று புகார் விலகிக் கீழே தேயிலைத் தோட்டமும், மலைகளும், தூரத்தில் தண்ணீர் மினுங்குவதும் தெரிந்தன. பத்து நிமிடம் இருக்கும். மறுபடியும் மூடிவிட்டது. காலை 9, 10 மணிக்குப் பின் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

மாமியின் ஊர்

பின்னேரம் ஓஹிய வழியாக அப்புத்தளைக்கு இறங்கினோம். மாமியின் தோட்டத்தை விசாரித்துப் போனபோது அவருடைய ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் இன்னும் அதே லயத்தில் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். கணவரின் முகத்தைப் பார்த்ததும், "அக்கா மூஞ்சி அப்படியே இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு காம்பராவும் ஒரு குசினியும்தான் வீடு. ஆறு பேர் இருக்கிறார்கள். எங்களுக்காகக் கட்டிலை ஒதுக்கினார்கள். நாங்கள் வாசலில் கூடாரம் அடிக்கிறோம் என்றதும் அந்தச் சின்னம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "என்ன தாயி, வீட்டுக்கு வந்த புள்ள தெருவுல படுக்கிறதா?" என்றார். பிறகு கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "எங்க காம்பராவ விட இது நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இடப்பெயர்வு என்றால் எங்களைத்தான் நினைக்கிறோம். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தேயிலைக்கு உழைத்த குடும்பங்கள் இன்னும் சொந்தக் காணியில்லாமல் லயத்தில் இருப்பதை அந்தச் சிரிப்பு எனக்கு நினைவூட்டியது.

அன்றிரவு மேகம் உண்மையாகவே வாசலுக்கு வந்தது. கணவர் கூடாரத்துக்கு வெளியே கனநேரம் தனியாக இருந்தார். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் கொஸ்லந்தை வழியாக இறங்கினோம். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தது இந்தப் பக்கத்தில்தான். அழகான இடம் என்று பார்த்துக்கொண்டு போகும் மலைதான் அங்கு வாழ்கிறவர்களுக்குப் பயமும். தியலும நீர்வீழ்ச்சியில் முகம் கழுவிக்கொண்டு வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டி ஓடினோம். லகுகலையில் வீதிக்கரையிலேயே இரண்டு யானைகள். கணவர் வாகனத்தைத் தூரத்தில் நிறுத்தி எஞ்சினையும் நிற்பாட்டினார். அவை காட்டுக்குள் போகும்வரை மூச்சு விடாமல் இருந்தோம்.

உகந்தை

பொத்துவில், பாணமை தாண்டி மண்பாதையில் போனால் உகந்தை முருகன் கோயில் வரும். குமண தேசிய பூங்காவின் வாசலும் அதுதான். முருகப்பெருமான் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது ஐதீகம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் காடு, பாறைக்கு மேல் வள்ளியம்மன், சுனைகள். கோயிலாரிடம் கேட்டு வளவுக்குள் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கினோம்.

அங்கே ஒரு விடயம் எனக்கு உறைத்தது. கூடாரமும் காடும் வெள்ளைக்காரருடைய பொழுதுபோக்கு என்று நாங்கள் நினைக்கிறோம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையில் தங்கி, காட்டுப்பாதை திறந்ததும் குமண, யால காடுகளுக்கு ஊடாகப் பல நாள் நடக்கிறார்கள். கும்புக்கன் ஓயாவில் குளித்து, மரத்தடியில் சமைத்து, மண்ணில் படுத்துப் போகிறார்கள். அவர்களில் வயதான பெண்கள் நிறையப் பேர். எங்கள் அம்மம்மாமாருக்கு இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. இடையில் வந்த போர்தான் காட்டையும் இரவையும் எங்களுக்குப் பயமாக்கிவிட்டது.

மறுநாள் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு செலவைப் பகிர்ந்து ஜீப் பிடித்து உள்ளே போனோம். போர் காரணமாக 1985 இலிருந்து 2003 வரை இந்தப் பூங்கா மூடிக் கிடந்தது. திறந்த அடுத்த வருடமே சுனாமியும் வந்தது. இப்போது குமண வில்லுவில் கூழைக்கடாவும் நாரைகளும் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அந்தக் குடும்பத்துப் பெண் தன் மகளுக்கு ஒவ்வொரு பறவையாகக் காட்டியபோது எனக்கு என் மகளின் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை அவளும் வருவாள்.

கடைசி இரவு கடற்காற்று பலமாக இருந்தது. மணல் உள்ளே வராமலிருக்க நானே சிப்பை இழுத்து மூடினேன். மூடிவிட்டுத்தான், மூடிவிட்டேன் என்பதைக் கவனித்தேன். அப்படியே நித்திரையாகிவிட்டேன். பயம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கூடாரத்தில் மழை பெய்தால் இன்னும் எனக்குப் பிடிக்காது. ஆறாவது இரவு மட்டக்களப்பில் தோழி வீட்டில் தங்கி, திருகோணமலை, முல்லைத்தீவு வழியாக ஊர் வந்து சேர்ந்தோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

• தேசிய பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அனுமதியில்லாத காட்டில் ஒருபோதும் தங்கவேண்டாம். வெளியே தனியார் காணிகளில் தங்குவது புதியவர்களுக்கு இலகு. பல இடங்களில் கூடாரமும் வாடகைக்குக் கிடைக்கும்.
• முதலில் மலசலகூட வசதியை விசாரியுங்கள். மாதவிடாய்த் துணிகள், கழிவு போட ஒரு பை, மாற்றுடுப்பு கைவசம் இருக்கட்டும்.
• மலைக்காட்டில் அட்டை கடிக்கும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடக்கலாம். கடித்தால் உப்புப் போட விழுந்துவிடும்.
• யானை உள்ள இடங்களில் இருட்டியபின் வாகனம் ஓடவேண்டாம். கூடாரத்துக்குள் சாப்பாடு, பழம் வைக்கவேண்டாம்.
• போகும் பாதையையும் தங்கும் இடங்களையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.
• உள்நாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. எங்கள் செலவில் பெரிய பங்கு டீசலுக்கே போனது.
• முகாமில் இருந்தவர்கள் முதல் இரவைத் தெரிந்தவர்களோடு கழியுங்கள். முடியாவிட்டால் எழுந்து போகக்கூடிய இடமாகத் தெரிவுசெய்யுங்கள். திரும்பி வருவது தோல்வியல்ல.

எங்களுக்கும் ஏலுமே?

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் கடன் கணக்குப் பார்த்து முடிந்ததும் எல்லோரும் பயணக் கதை கேட்டார்கள். 'ஊர் சுத்தப் போகினம்' என்று சொன்னவரும் முன்வரிசையில்தான் இருந்தார். கடைசியில் ஒருவர், "மனுசன் இல்லாத எங்களுக்கும் ஏலுமே?" என்று கேட்டார். அவர் கணவரைப் போரில் இழந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ஏலும் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் குடையோடு வந்து நின்றார் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒருவருக்கு ஒருவர் குடை பிடிக்கலாம் என்றேன். ஒரு வான் பிடித்து உகந்தையில் இரண்டு இரவு தங்குவதற்காக இப்போது ஒரு சின்னச் சீட்டுத் தொடங்கியிருக்கிறோம்.

ஓர் அம்மா மட்டும் அதில் சேரவில்லை. அவர் 2009 இலிருந்து மகனைத் தேடுகிறவர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டகையிலும் நாள்கணக்கில் இருந்தவர். அவர் இரவில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கும் தங்குவதில்லை. "அவன் வந்து தட்டினா ஆர் பிள்ளை கதவு திறக்கிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரை வற்புறுத்தவும் இல்லை.

எங்களுக்குப் பக்கத்திலேயே சுண்டிக்குளம் இருக்கிறது. 2015 இல் அதுவும் தேசிய பூங்காவாகிவிட்டது. விடிய வெளிக்கிட்டுப் பறவைகளைப் பார்த்துவிட்டுப் பொழுதுபடமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். "அதுக்கு வருவியளோ அம்மா?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மறுபடியும் கேட்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். நீங்களும் ஒருதடவை போய்க் கேளுங்கள்.